கப்பல்துறைச் சந்தியைப் பற்றி நீ எழுதும் முன்

அன்பு மகள் அனிற்றாவுக்கு,

நேற்று நீ தொலைபேசியில் சொன்னதைக் கேட்டுக்கொண்டு நின்றதில் அடுப்பில் பருப்பு அடிப்பிடித்துவிட்டது. அதற்கும் நீதான் பொறுப்பு. "கப்பல்துறைச் சந்தியைப் பட்டியலில இருந்து எடுக்கச் சொல்லி மிஸ்ஸுக்கு எழுதப்போறன் அம்மா, ரெண்டாந்தரம் எண்ணினதையும் நம்ப ஏலாது" என்று ஒரே மூச்சில் சொன்னாய். நான் வாய் திறப்பதற்குள் கூட்டம் தொடங்கிவிட்டது என்று வைத்துவிட்டாய். கொழும்புக்குப் போன நாள் முதல் எப்போது எடுத்தாலும் உனக்குக் கூட்டம்தான். அதுதான் கடிதம் எழுத உட்கார்ந்தேன். கடிதத்துக்கு நடுவில் "பேந்து எடுக்கிறன் அம்மா" என்று உன்னால் சொல்ல முடியாது. நான் கேட்பது ஒன்றுதான். இதை முழுவதும் வாசித்து முடிக்கும்வரை உன் மேலதிகாரி எஞ்சினியர் மிஸ்ஸுக்கு எதையும் அனுப்பாதே. வாசித்த பிறகு உன் மனம் சொல்வதைச் செய். நீ செய்வதைத் தடுக்கிற வயதை நானும் தாண்டிவிட்டேன், நீயும் தாண்டிவிட்டாய்.

நீ ஓர்ஸ் ஹில்லில் அந்த வீதி நிறுவனத்தின் அலுவலகத்தில் இளநிலைத் தரவு ஆய்வாளராகச் சேர்ந்தபோது அப்பாவுக்குத் தலைகால் தெரியவில்லை. ஆனால் உன் வேலை என்னவென்று அவருக்கு ஒரு சொட்டும் விளங்கவில்லை. சந்தியில் ஆட்டோ ஓட்டுகிற நசார், "புள்ள எஞ்சினியரா அண்ணே?" என்று கேட்டதற்கு, "இல்லை தம்பி, எஞ்சினியருக்குச் சொல்லிக் குடுக்கிறவள்" என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சொன்னார். அப்பா ஓட்டுகிற பள்ளிக்கூட வானில், பிள்ளைகளை ஏற்றி இறக்கக் கதவடியில் உட்கார்ந்திருந்த நான் சேலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டேன். எனக்கு நீதான் பொறுமையாக விளங்கப்படுத்தினாய். எந்த வீதியில் எந்த நேரம் எத்தனை வாகனம் போகிறது என்று கருவிகள் எண்ணித் தரும், அந்த எண்களைச் சுத்தம் செய்து, ஒழுங்குபடுத்தி, எந்த வீதிக்கு முதல் வேலை செய்வது, எதற்குப் பிறகு என்று சொல்வதுதான் உன் வேலை என்றாய். கட்டிலுக்குக் கீழே ஒரு நாளும் கூட்டாத பிள்ளை, எண்களைச் சுத்தம் செய்து சம்பளம் வாங்கப்போகிறாள் என்று நான் பகிடி பண்ணினேன். நீ கோபிக்கவில்லை. "ஒரு எண் மற்றதுகளோட ஒத்துவரேல்ல எண்டால் அதை அழிக்கக் கூடாது அம்மா. ஏன் ஒத்துவரேல்ல எண்டு போய்க் கேக்கோணும்" என்றாய். நீ பெரிய பிள்ளையாகிவிட்டாய் என்று எனக்குத் தோன்றியது அந்த நேரத்தில்தான்.

உன் அப்பாவைப் பற்றி நான் உனக்குச் சொல்லித் தெரியவேண்டியதில்லை, ஆனாலும் சொல்கிறேன். உனக்காக வழியைத் துப்புரவாக்கிவிடுவதுதான் அவருக்குத் தெரிந்த ஒரே பாசம். நீ சைக்கிள் பழகிய காலத்தில் மற்றத் தகப்பன்மார் பின்னால் சீற்றைப் பிடித்துக்கொண்டு ஓடினார்கள். இவர் முன்னால் ஓடினார். நாய்களை விரட்டிக்கொண்டு, கோழிகளைக் கலைத்துக்கொண்டு, எதிரே வந்த மீன்காரரைக்கூட நிறுத்தி வைத்துக்கொண்டு. பின்னால் பிடிக்க ஆளில்லாமல் நீ வேலியில் போய் விழுந்தாய். முழங்கால் கிழிந்து நீ அழ, இவர் "ரோட்டு கிளியராத்தானே இருந்தது" என்று என்னைப் பார்த்துக் கேட்டார். உன் உயர்தரப் பரீட்சை நேரத்தில் பக்கத்து அம்மன் கோயில் திருவிழா வந்தது. இவர் அங்கே போய், வேதக்காரன், மாதா கோயிலுக்குப் போகிறவன் என்ற கூச்சமும் இல்லாமல், தர்மகர்த்தாவின் கையைப் பிடித்துக்கொண்டு ஸ்பீக்கரை மற்றப் பக்கம் திருப்பிவிட்டு வந்தார். அதற்கு நன்றியாக அடுத்த வருடம் திருவிழாவுக்குத் தண்ணீர்ப் பந்தல் போட முழு நாளும் நின்று வெயிலில் காய்ந்தார். நீ வெட்கத்தில் கோயில் பக்கமே போகாமல் இருந்தாய்.

இப்படிப்பட்ட மனிதரிடம்தான் நீ போய், "சந்தியில ஒரு கருவி பூட்டப் போறாங்கள் அப்பா, ஒருத்தரும் சேதப்படுத்தாமப் பாத்துக்கொள்ளுங்கோ" என்று சொன்னாய். எங்கள் ஒழுங்கை, அந்த ஒடுங்கிய தெரு, கண்டி வீதியில் ஏறுகிற இடத்தில் இரண்டு கறுப்பு இறப்பர் குழாய்களைக் குறுக்கே போட்டு ஆணி அடித்து, ஒரு சின்ன இரும்புப் பெட்டியை மின்கம்பத்தோடு சங்கிலியால் கட்டிவிட்டுப் போனார்கள். டயர் ஏறினால் காற்று அமுங்கும், பெட்டி எண்ணும். உனக்கு அது தெரியும். அப்பாவுக்கு எங்கே தெரியும்? வான் கழுவுகிற நேரம் தண்ணீர்க் குழாயின் மேல் யாராவது டயரை ஏற்றினால் அவருக்கு வருகிற கோபத்தை நீ பார்த்திருக்கிறாய். இந்த ஊரில் வாகனம் ஓட்டுகிற எல்லாருக்கும் அந்தப் பயம் உண்டு. இறப்பர் குழாயைக் கண்டால் ஒதுங்குவார்கள். இவர் அதோடு நிற்கவில்லை. சந்தியில் நின்று ஒவ்வொரு வானையும் ஆட்டோவையும் மறித்து, "அது எங்கட பிள்ளையின்ட சாமான். அதில ஏத்தாதேங்கோ, பின்பக்கத்தால போங்கோ" என்று அனுப்பினார். பாண் விற்கிற ஆட்டோகூடப் பாட்டைப் போட்டுக்கொண்டு பின்பக்கத்துச் சரளைக்கல் கிறவல் ரோட்டால்தான் போனது. திங்கள் முதல் வெள்ளி வரை அந்தக் கிழமை முழுவதும் எங்கள் வானும் அந்தக் குன்றும் குழியுமான வழியில் குலுங்கிக் குலுங்கித்தான் போய்வந்தது. பிள்ளைகள் குலுங்குகிற ஒவ்வொரு தரமும் கத்திச் சிரித்தார்கள். "என்ட முழங்கால் கழண்டு போகப் போகுது, நேர் ரோட்டால போனா என்ன?" என்று நான் கேட்டதற்கு, "சும்மா இரும், பிள்ளையின்ட சாமான் அங்க கிடக்குது" என்றார்.

பிறகு நடந்தது உனக்குத் தெரியும், ஆனால் என் பக்கத்திலிருந்து அதை நீ கேட்டதில்லை. ஞாயிறு பூசை முடிந்து வந்து நண்டுக் கறியோடு சாப்பிட உட்கார்ந்திருந்தோம். நீ யோசனையோடேயே சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தாய். திடீரென்று நிமிர்ந்து, "அப்பா, உங்கட ரோட்டில பள்ளிக்கூட நேரத்தில ஒரு வாகனமும் போறேல்ல எண்டு வருது. நீங்கள் எந்த வழியால போறனீங்கள்?" என்று கேட்டாய். அவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. "நாங்கள் அதில ஏத்துவமோ? நான் ஒருத்தரையும் விடேல்ல. கிழமை முழுக்க உன்ட குழாயில ஒரு கீறல் இல்லை, போய்ப் பார்" என்றார். நீ நண்டுக்காலைச் சாப்பாட்டுக் கோப்பையில் வைத்தாய். "அப்பா, அது ஏத்துறதுக்குத்தான் போட்டது" என்று மெதுவாகச் சொன்னாய். முதலில் சிரித்தது நான்தான். என்னால் அடக்க முடியவில்லை. ஆனால் நீ சிரிக்கவில்லை, அவருடைய முகமும் கறுத்துப் போனதைக் கண்ட பிறகு எனக்கும் சிரிப்பு அடங்கிவிட்டது.

அன்றைக்குத்தான் நீ எல்லாவற்றையும் சொன்னாய். இந்த வருடம் எந்தெந்தச் சந்திகளுக்குச் சிக்னல் விளக்கும் ஆட்கள் கடக்க மஞ்சள் கோடும் போடுவது என்ற பட்டியலை நீதான் தயாரித்தாய், கப்பல்துறைச் சந்தி அதில் கடைசிக்குப் போய்விட்டது, உன் பெயரோடு அது மேலே போயும் விட்டது என்றாய். உன் தகுதிகாண் காலம் முடிகிற நேரம் வேறு. பிழையைச் சொன்னால் சிரிப்பார்கள். அதைவிட மோசம், தகப்பன் வான் ஓட்டுகிற ரோட்டுக்கு விளக்கு வாங்கத்தான் மகள் கதை கட்டுகிறாள் என்று நினைப்பார்கள். சொல்லாவிட்டால் சந்திக்கு விளக்கு வராது. அந்த இடத்தில் கண்டி வீதியைக் கடப்பது என்னவென்று எனக்குத் தெரியும். துறைமுகப் பக்கம் போகிற பாரமான லொறிகள் வளைவில் திரும்பி வருகிற வேகத்தில், நான் எத்தனையோ பிள்ளைகளைப் புத்தகப் பையில் பிடித்துப் பின்னுக்கு இழுத்திருக்கிறேன். ஒரு நாள் சின்னவள் ஒருத்தி கழன்ற சப்பாத்தை எடுக்கத் திரும்பி ஓடினாள். அவளைத் தூக்கிக்கொண்டுதான் மற்றக் கரைக்கு வந்தேன். இது எல்லாம் தெரிந்தும் அப்பா உன்னிடம், "விடு பிள்ளை. நீ உன்ட வேலையைப் பார். நான் சின்னதுகளைக் கையைப் பிடிச்சுக் கடத்திவிடுறன், இவ்வளவு நாளும் அப்பிடித்தானே" என்றார். எனக்கு உன் வேலையும் வேண்டும், அந்த விளக்கும் வேண்டும். அதனால் நான் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனேன்.

நீ மறுநாளே போய்ச் சொன்னாய். "மிஸ், அந்தக் கணக்குப் பிழை. பிழைக்குக் காரணம் என்ட அப்பா" என்று அப்படியே சொன்னதாக வந்து என்னிடம் சொன்னாய். அந்த மிஸ் கொஞ்ச நேரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்துவிட்டு, "நீர் சொல்லாட்டி எனக்கு இது ஒருநாளும் தெரிஞ்சிருக்காது" என்றாராம். திரும்ப எண்ணலாம், ஆனால் நீர் அதில் கை வைக்கக் கூடாது, வேறு ஒருவர் பார்ப்பார் என்றாராம். உன் வேலையையும் நிரந்தரமாக்கி, கொழும்புத் தலைமை அலுவலகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார். மகள், நான் உன்னை நேருக்கு நேர் அதிகம் புகழ்வதில்லை, கண்பட்டுவிடும் என்ற பயம். எழுத்தில் சொல்லலாம் என்று நினைக்கிறேன். அன்று நீ செய்ததை நினைத்தால் இப்போதும் எனக்கு நெஞ்சு நிறைகிறது. சொந்தத் தகப்பனின் பெயரைச் சொல்லிப் பிழையை ஒப்புக்கொள்வது, அதுவும் அந்தத் தகப்பன் உன்னைத் தலையில் வைத்துக் கூத்தாடுகிறவராக இருக்கும்போது, லேசான காரியம் இல்லை. நீ திருமணம் செய்கிற காலத்திலும் இப்படி உண்மையை மேசையில் வைக்கக் கூடிய ஒருவனைப் பார்த்துத்தான் செய்ய வேண்டும். அவனுடைய படிப்பும் வேலையும் பிறகு பார்க்கலாம்.

இரண்டாம் முறை எண்ணியபோது எண்ணிக்கை நன்றாகக் கூடி வந்தது, சந்தியும் பட்டியலில் மேலே ஏறியது. நாங்கள் சந்தோஷப்பட்டுக்கொண்டிருக்க, நீ மட்டும் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தாய். நீ நினைத்ததைவிட எண் கூடிவிட்டது, அது உனக்கு உறுத்தியது. கொழும்புக்குப் போகிற நாள், பைகளெல்லாம் வாசலில் இருக்கும்போது, அவரை நிறுத்தி வைத்துக் கேட்டாய். "அப்பா, நீங்கள் இதிலயும் கை வைச்சனீங்களோ?" அவர் உன்னைப் பார்த்தார். உடுத்திருந்த சாரத்தில் கையைத் துடைத்தார். ஒன்றும் சொல்லாமல் போய் வானைக் கழுவத் தொடங்கினார். கழுவி முடித்திருந்த வானை. நீ நசாரின் ஆட்டோவைக் கூப்பிட்டு பஸ் நிலையத்துக்குப் போனாய். அதற்குப் பிறகு அவரோடு நீ ஒரு வார்த்தை கதைக்கவில்லை. அவரும் எடுக்கவில்லை. நீ அதை ஒப்புதல் என்று எடுத்துக்கொண்டாய், அல்லது கோபம் என்று. அதனால்தான் இப்போது மிஸ்ஸுக்கு எழுத நினைக்கிறாய்.

அந்தக் கிழமை வானின் கதவடியில் இருந்தவள் நான். என் கண்ணால் பார்த்ததைச் சொல்கிறேன். குழாயைத் திரும்பப் போட்ட காலையில் நசார் சந்தி ஆட்டோப் பொடியன்களை எல்லாம் கூட்டிக்கொண்டு வந்து வானை மறித்தார். முகத்தில் கல்யாண வீட்டுக் களை. "அண்ணே, போன முறை புள்ளைக்கு நம்ம கெடுத்துப் போட்டம். இந்த முறை விட மாட்டம். சவாரி இல்லாட்டியும் வெறும் ஆட்டோவோட சுத்திச் சுத்தி ஓடுவம். புள்ளைக்கு நல்ல நம்பர் வரோணும்" என்றார். உண்மையைச் சொல்கிறேன், எனக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பா வானை நிறுத்திவிட்டு இறங்கினார். "வேண்டாம் தம்பி. நீங்கள் வழமையாப் போறபடி போங்கோ. கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். அவள் ரோட்டைத்தான் கேக்கிறாள், எங்களைக் கேக்கேல்ல" என்றார். நசாருக்கு முகம் தொங்கிவிட்டது. "முதல்ல போகாதீங்க எண்டீங்க, இப்ப ஓடாதீங்க எண்டுறீங்க. அக்கா, இவருக்கு என்ன பிடிச்சிருக்கு?" என்று என்னிடம் முறைப்பாடு வைத்தார். எனக்கும் அதே கேள்விதான்.

அதோடு முடிந்திருந்தால் பரவாயில்லை. ஒரு பின்னேரம் வீட்டில் சீனி முடிந்துவிட்டது. கடைக்குப் போய் வாருங்கள் என்றேன். வான் சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவர் அப்படியே நின்றார். "இஞ்சேரும், சீனி வாங்க நான் வழமையா வானில போறனானோ, நடந்து போறனானோ?" என்று கேட்டார். "மழை எண்டால் வானில போவியள், இல்லாட்டி நடை" என்றேன். வெளியே போய் வானத்தைப் பார்த்தார். அன்றைக்கென்று பார்த்து மழையும் இல்லாமல் வெயிலும் இல்லாமல் மூடிக்கொண்டு நின்றது. உள்ளே வந்து, சாவியை அலுமாரியில் வைத்துவிட்டு, சீனி இல்லாத தேத்தண்ணியைக் குடித்தார். நீ அந்த முகத்தைப் பார்த்திருக்க வேண்டும். கசாயம் குடிக்கிற பிள்ளையின் முகம். எனக்கு அவர்மேல் வந்த எரிச்சலுக்கும் பாசத்துக்கும் அளவில்லை. அந்தக் கிழமை முழுவதும் அவர் இப்படித்தான், தன் வழக்கம் என்னவென்று தனக்கே தெரியாத ஒரு மனிதராக, ஒவ்வொன்றையும் என்னிடம் கேட்டுக் கேட்டுச் செய்துகொண்டிருந்தார்.

அப்படியானால் எண் ஏன் கூடியது என்று நீ கேட்பாய். எனக்குத் தெரியாது. அதற்கு முதல் கிழமை பெய்த மழையில் கிறவல் ரோட்டு சேறாகிக் கிடந்தது. வழமையாக அந்தப் பக்கத்தால் போகிற சிலர் இந்தப் பக்கத்தால் வந்திருக்கலாம். நசாரின் பொடியன்கள் அப்பாவுக்குத் தெரியாமல் சுற்றியிருக்கவும் கூடும், அவர்கள் சொல்வழி கேட்கிற ஆட்கள் இல்லை. அல்லது எங்கள் ரோட்டில் உண்மையாகவே அவ்வளவு வாகனம் போகிறது, இதுவரை ஒருவரும் எண்ணாததால் எங்களுக்குத் தெரியவில்லை. இதில் எது சரி என்று கண்டுபிடிப்பது உன் படிப்பு. அப்பா கை வைக்கவில்லை என்பது மட்டும்தான் எனக்குத் தெரிந்தது.

நீ போன பிறகு நான் அவரைச் சும்மா விடவில்லை. என் வாயைப் பற்றி உனக்குத் தெரியும். "ஏன் வாயைப் பொத்திக்கொண்டு நிண்டனீங்கள்? இல்லையெண்டு ஒரு சொல்லுச் சொன்னா என்ன குறைஞ்சு போகும்? பிள்ளை கண்கலங்கிக்கொண்டு போறாள்" என்று பிடித்துக்கொண்டேன். அவர் வானின் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "நான் இல்லையெண்டு சொன்னா அவள் நம்பிடுவாள்" என்றார். "நம்பினா நல்லதுதானே?" என்றேன். "அப்பா சொன்னவர், ஆனபடியால் கணக்குச் சரி எண்டு அவள் எழுத ஏலுமோ? அங்க இருக்கிற சனம் என்ன சொல்லும்? அவள் என்னைக் கேட்டது சரி. நான் பதில் சொன்னாத்தான் பிழை" என்றார். பிறகு துணியைப் பிழிந்து காயப்போட்டுவிட்டு, என்னைப் பார்த்து ஒரு சிரிப்புச் சிரித்தார் பார். "சொந்தத் தகப்பனையே நிப்பாட்டிக் கேட்டிட்டாள், பாத்தீரோ?" என்றார். நீ உத்தியோகத்துக்குச் சேர்ந்த அன்றுகூட அந்த மனிதரின் முகத்தில் அப்படி ஒரு பெருமையை நான் காணவில்லை. நீ அவரைப் புண்படுத்திவிட்டதாக நினைத்துக்கொண்டு கொழும்பில் அறைக்குள் இருந்து அழுகிறாய், அவர் இங்கே நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிகிறார். நடுவில் கிடந்து வேகிறவள் நான்.

நேற்று உன் தொலைபேசிக் கோல் வந்த பிறகு நீ எழுதப்போவதை அவரிடம் சொன்னேன். அவர் கதிரையை இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். சந்தியை எடுத்துவிடச் சொல்ல வேண்டாம், இன்னொருமுறை எண்ணச் சொல்லட்டும் என்றார். "நான் இருந்தா அவளுக்குச் சந்தேகம் வரும். நான் இல்லாத நேரம் எண்ணட்டும்" என்றார். உடனேயே மட்டக்களப்பில் உன் சித்தப்பாவுக்குக் கோல் அடித்து, வருகிறோம் என்று சொல்லியும் விட்டார். வானை நசார் ஓட்டுவார். வான் வழமைபோல ஓடும், பிள்ளைகள் வழமைபோலப் போவார்கள், அப்பாவும் நானும்தான் இருக்க மாட்டோம். ஏன் போகிறோம் என்று ஒருவருக்கும் சொல்லவில்லை. நசார் கேட்டதற்கு, அக்காவுக்கு முழங்கால் வைத்தியம் என்று என் தலையில் கட்டிவிட்டார். வருகிற ஞாயிறு போகிறோம். கிறவல் ரோட்டும் இப்போது காய்ந்துவிட்டது. மிஸ்ஸிடம் கேட்டு நாளைக் குறித்துக்கொள், எங்களுக்குச் சொல்லாதே. எண்ணி முடிந்தது என்று நீ சொல்லும்வரை நாங்கள் அங்கேயே இருப்போம். இத்தனை வருடத்தில் காய்ச்சலோடும் வானை எடுத்த மனிதர், உன் எண்ணுக்காக வான் சாவியை வேறு கையில் கொடுக்கிறார் என்பதை நீ ஒருமுறை யோசித்துப் பார். எண் குறைந்து வந்தால் குறைந்ததாகவே எடுத்துக்கொள். சந்தி கடைசிக்குப் போனால் போகட்டும், நான் திரும்பி வந்து பிள்ளைகளின் புத்தகப் பையைப் பிடிக்கிறேன். கூடி வந்தால் அதையும் பயப்படாமல் எடுத்துக்கொள். அப்பாவின் ரோட்டு என்பதற்காகக் கூட்டுவது எவ்வளவு பிழையோ, அப்பாவின் ரோட்டு என்பதற்காக வெட்டி எறிவதும் அவ்வளவு பிழை. இரண்டாவது பிழை நேர்மை மாதிரித் தெரியும், அதனால்தான் நல்ல பிள்ளைகள் அதில் விழுகிறார்கள்.

அங்கே ஒழுங்காகச் சாப்பிடு. கூட்டம் கூட்டம் என்று பிஸ்கட்டோடு நாளை ஓட்டாதே. அறையில் இருக்கிற மற்றப் பிள்ளையோடு நல்லமாதிரி இரு. ஞாயிறு பூசைக்குப் போகாவிட்டால் நான் கேட்க மாட்டேன், ஆனால் போனால் சொல்லு.

ஒன்று மிச்சம் இருக்கிறது. நான் இதை எழுதுவதை அப்பா கண்டுவிட்டார். "அந்தக் கிழமை நான் என்ன செய்தனான் எண்டு எழுதாதேயும்" என்றார். "நான் கோவமில்லை எண்டும் எழுதாதேயும். கேட்டா அவள் இளகிப் போயிடுவாள், பேந்து கணக்கைச் சரியாப் பாக்க மாட்டாள். எல்லாம் முடிஞ்ச பிறகு அனுப்பும்" என்றார். ஓம் என்று தலையாட்டினேன். இன்றைக்கே தபாலில் போடுகிறேன். உன் எண்கள் காத்திருக்கட்டும், தகப்பன் கோபமாக இருக்கிறார் என்று நினைத்துக்கொண்டு நீ இன்னொரு நாள் படுக்கைக்குப் போவதை என்னால் பார்த்துக்கொண்டிருக்க ஏலாது. நீ இளகிப் போகிற பிள்ளையும் இல்லை, அது அவருக்குத்தான் தெரியவில்லை. ஆகவே இதை வாசித்து முடித்ததும் அவருக்கு ஒரு கோல் எடு. சந்தியைப் பற்றி ஒன்றும் கேட்காதே. சாப்பிட்டீர்களா என்று மட்டும் கேள். அதற்கு அவர் பதில் சொல்லுவார்.

உன் அம்மா